இடது உதட்டோரம்

அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்னும். அப்பா முன்கோபி. அவர் வேலை முடிந்து வரும்போது தாடை இறுகியிருக்கிறதா, புருவம் தளர்ந்திருக்கிறதா என்று கதவிடுக்கில் நின்று பார்ப்பாள். தாடை இறுகியிருந்தால் தங்கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். முகம் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். பிறகு அதுவே அவளுக்குச் சோறு போட்டது.

நாற்பத்தாறு வயதில், உருவப்படம் என்றால் அவளிடம்தான் வருவார்கள். அச்சகத்துக்கு மேலே மாடியறை, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். கீழே இயந்திரம் ஓடினால் தரை அதிரும். கண், உதடு போன்ற இடங்களை அது ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தொடுவாள். குண்டு கட்டிய நூலைக் கையை நீட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவரின் மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கண் ஏறியிருக்கிறது என்று அளப்பாள்.

ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவரின் படத்தைக் கல்லூரியில் மாட்டுவதற்காகக் கேட்டிருந்தார்கள். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு வருவார். சிடுமூஞ்சி. அவர் படியேறும் சத்தத்துக்கே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

நான்காவது வாரம், படத்தில் இடது உதட்டோரம் சற்று உயர்ந்துவிட்டதாகப் பட்டது. டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, கீழே இறக்கி வரைந்தாள். ஐந்தாவது வாரமும் அதே கதை. ஆறாவது வாரமும் இறக்க வேண்டியிருந்தது. தன் கண் போய்விட்டதா? கண் போனால் எதை வைத்துப் பிழைப்பது?

அன்றைக்கே வீட்டில் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தாள்.

"என் மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார் அவர்.

"குறைச்சுத்தான் போட்டிருக்கேன். அசையாதீங்க."

அளந்து பார்த்தாள். மயிரிழைகூடப் பிசகவில்லை.

மறுநாள், முதல்வரை முதல் வாரம் கரியால் வரைந்த தாளைத் தேடியெடுத்து, படத்தின் பக்கத்தில் வைத்தாள். தாளில் உதடு நேராக இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. படத்திலோ இடது கண் அகன்று, உதடு தொங்கியிருந்தது. அவள் கை பிசகவில்லை. அந்த முகமே வாரா வாரம் சரிந்துகொண்டிருந்தது. அவள் அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

கண் தப்பித்ததே என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இதை அந்த மனுஷனிடம் யார் சொல்வது?

ஏழாவது வாரம் அவர் குடித்த தண்ணீர் இடது வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகத்துல இடது பக்கம் மாறிட்டே வருது. ஒரு டாக்டரைப் பாத்தா..."

"உன்னைப் படம் போடச் சொன்னாங்களா, ஜோசியம் பாக்கச் சொன்னாங்களா?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அவர் நடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, முதல் வாரத் தாளையும், படத்தில் இப்போதிருக்கும் முகத்தைப் பார்த்து வரைந்த இன்னொரு தாளையும் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவருடைய மனைவி தாள்களை மேஜைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கும் தெரியும்மா. தினம் தலையணை ஒரு பக்கம் ஈரமா இருக்கும். சொன்னா எரிஞ்சு விழுவாரேன்னு வாயை மூடிட்டிருந்தேன்."

வெளியே கேட் சத்தம் கேட்டதும் இருவருமே திடுக்கிட்டு எழுந்தார்கள். உள்ளே வந்த முதல்வர் அவளை முறைத்தார். மனைவிதான் தாள்களை அவர்முன் நகர்த்தினார். "பாருங்க. கத்தறதுன்னா பாத்துட்டுக் கத்துங்க."

அவர் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது தெரிந்தது: காதுக்கு முன்னால், வெளியே தெரியாத ஆழத்தில் ஒரு கட்டி, முகத்து நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. அதை எடுக்கும்போது நரம்பையும் வெட்ட வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, இடது கன்னம் அசைவது அடியோடு நின்றுபோனது.

நான்கு மாதம் கழித்து மனைவியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பாதி முகத்தைக் கைக்குட்டையால் மறைத்திருந்தார்.

"முதல் வாரத் தாளை வெச்சே முடிச்சுக் கொடுக்கச் சொல்றாங்க காலேஜ்ல, ஐயா" என்றாள்.

"அதை அவங்களுக்குக் கொடு." வார்த்தைகள் குழறி வந்தன. "எனக்கு இப்ப இருக்கற மூஞ்சியைப் போடு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேர்ந்து நான் கண்ணாடியே பாக்கலை. பயமா இருக்கும்மா. நீ பாத்துச் சொல்லு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஐயா" என்றாள். "கைக்குட்டையை எடுங்க. ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க."

ஐந்து செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தார். கடைசி நாள், படத்தைத் திருப்பிக் காட்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இடது கண்ணைக் கையால்தான் மூட வேண்டியிருந்தது. திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார்.