தெமோதரை வரை காட்டிவிட்டு

அப்பா இறந்த செய்தி மொனராகலையில் வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். நான் வழிகாட்டியாக வேலை செய்யும் கடற்கரை ஹோட்டலிலிருந்து மூன்று விருந்தாளிகளை மலைநாடு காட்டக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். தேத்தண்ணிக்காக வேனை ஒரு கடையில் நிறுத்தியிருந்தோம்.

அக்கா போனில் அழவில்லை. "அப்பா போயிட்டாரு தம்பி. நான் பதுளை ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். நீ எங்க இருக்க?"

"மொனராகலையில இருக்கேன்க்கா, வேலையா. அந்தப் பக்கந்தான் வர்றேன்."

அது பொய்யில்லை. அப்பா மூன்று நாளாக வார்டில் இருந்தார். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வியாழக்கிழமை எப்படியும் பதுளைக்குப் பக்கத்துத் தெமோதரைக்குப் பயணம் இருக்கிறது, அப்படியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் வியாழக்கிழமை.

உள்ளே போய், ரொட்டியில் காரம் அதிகமா என்று விருந்தாளிகளைக் கேட்டேன். ஓய்வுபெற்ற கணவன் மனைவியும் அவர்களுடைய மகளும். காரம்தான், ஆனால் பிடித்திருக்கிறது என்றார்கள்.

வெல்லவாய தாண்டி மலை ஏறும்போது அருவியில் இருபது நிமிஷம் நின்றோம். மூவரையும் சேர்த்துப் படம் எடுத்தேன். கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னதுகூட நினைவிருக்கிறது. எனக்குள் ஏதாவது அறுந்து விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. காது மட்டும் அடைத்திருந்தது. மலை ஏறினால் எல்லோருக்கும் அடைக்கும்.

எல்ல ஸ்டேஷனில் டிரைவர் எங்களை ரயிலேற்றிவிட்டு, வேனை ரோட்டு வழியாகத் தெமோதரைக்குக் கொண்டுபோனார். என் போன் வேனில் சார்ஜில் கிடந்தது. அதை மறந்தேனா, விட்டுவிட்டுப் போனேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

தெமோதரையில் இறங்கியதும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நாம் நிற்கும் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம். நாம் இறங்கிய ரயில் ஒரு சுற்றுச் சுற்றி நம் காலுக்குக் கீழே போகும். அது போனபோது மூவரும் கைதட்டினார்கள்.

"உங்கள் ஊர் இந்தப் பக்கமா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாம். அந்த மேட்டுக்குப் பின்னால் இருக்கிற தேயிலைத் தோட்டம்."

"அப்பா அம்மா இருக்கிறார்களா?"

"அம்மா இல்லை. அப்பா இருக்கிறார்."

"அப்படியென்றால் இன்றைக்கு அவரைப் பார்த்துவிட்டு வாருங்களேன்!" என்றார் அவருடைய மனைவி.

"பார்க்கத்தான் போகிறேன்."

கீழே வேனருகே டிரைவர் நின்றிருந்தார். மொனராகலைக்காரர், சிங்களவர், தம்பி என்பதற்கு எப்போதும் மல்லி என்றுதான் கூப்பிடுவார். அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்டதால் போனை எடுத்துப் பேசியிருக்கிறார்.

"மல்லி, அப்பா காலையிலயே போயிட்டாரா? ஏன் சொல்லல?"

நான் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நான் இவங்களைப் பார்த்துக்கிறேன். நீ போ."

"இன்னும் தேயிலை பெக்டரி காட்டணும். யார் விளக்கம் சொல்றது?"

அவர் என்னையே பார்த்தார். "தேயிலைதானே மல்லி. பார்த்தா தெரியும். போ."

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அழுதாள். பெக்டரிக்குக் கூட வர முடியாததற்கு மன்னிக்க வேண்டும் என்று மூவரிடமும் சொல்லிவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஹோட்டல் பெயர் போட்ட என் சட்டையைப் பார்த்தாள்.

"மொனராகலையிலருந்து இவ்வளவு நேரமாடா?"

"எல்லாத்தையும் காட்டிட்டு வந்தேன்க்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்றாள்.

மறுநாள் பின்னேரம் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். மண்ணள்ளிப் போட்டபோதும் கண் வறண்டே இருந்தது. "அழுதுடுடா, அழுதுடு" என்று பெரியப்பா முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டிய இடம் வலித்தது. அந்த இரண்டு நாளில் எனக்குத் தெரிந்த வலி அது ஒன்றுதான்.

கருமாதி முடிந்து கடற்கரைக்குத் திரும்பினேன். மலைப் பயணத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.