கம்பளம் விரித்த பாலம்

ஜேடர்பாளையம் பக்கம் காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், ஆற்றின் நடுவே எங்கள் திட்டு இருக்கிறது. மொத்தம் பதினோரு வீடு. கிழக்குக் கரை நாமக்கல் மாவட்டம், மேற்குக் கரை ஈரோடு மாவட்டம். எங்களுக்கு ஓட்டு கிழக்கே, கரண்ட் மேற்கே. பாலம் கேட்டு மனு கொடுத்தால் மட்டும் இரண்டு கரையும் ஒரே குரலில் அது எதிர்க்கரையின் எல்லை என்று சொல்லிவிடும். வீட்டு வரிக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்குப் பாலம் வேண்டியிருந்தது மூன்று எருமைகளுக்காக. எருமைக்கு என்ன, அது நீந்திவிடும். பால் நீந்தாது. பால் சொசைட்டி வண்டி கிழக்குக் கரைக்குக் காலை ஆறரைக்கு வரும். ஆறே முக்காலுக்குப் போனால் டயர் தடம்தான் இருக்கும். பரிசல்காரர் கண்ணில் பட்டால் பால் போய்ச் சேரும், தண்ணீர் கூடிவிட்டால் அவரும் வரமாட்டார். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்றால் வாரக்கணக்கில் பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கி, மோரை நாங்களே குடித்துத் தீர்ப்போம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் நாய் மோர்ச்சட்டியைப் பார்த்ததும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

போன தைமாதம் என் வீட்டுக்காரர் முடிவாகச் சொன்னார். "இன்னொரு வருசம் பாக்கலாம். பாலம் வரலீன்னா எருமைய வித்துப்போட்டு மில்லுக்குப் போயிரலாம்." மில் வேலை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்றையும் கன்றிலிருந்து வளர்த்தவள் நான். அவை போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான்.

அந்த வருடம்தான், ஆற்றுத் திட்டுகளில் பிழைப்பவர்களை முன்னேற்றுகிறோம் என்று எதையோ அறிவித்தார்கள். எங்களுக்குப் பாலம் அவசியமா என்று நேரில் பார்க்கப் பங்குனியில் ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பங்குனியில் எங்களுக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் முழங்கால் ஆழம்தான். வேட்டியை மடித்துக் கட்டினால் நடந்தே வந்துவிடலாம். என் மாமனாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் அம்மிணி, நம்ம ஊட்டுக்கு வாரவரு பேண்ட்டச் சுருட்டிக்கிட்டா வாரது?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எங்கள் குடி முழுகியது. காற்றில் விழுந்து கிடந்த தென்னை மரங்களை உருட்டிவந்து வாய்க்காலின் குறுக்கே போட்டார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். கரையிலிருந்த பந்தல் கடைக்காரர் தன் பங்குக்குக் கல்யாணச் சிவப்புக் கம்பளத்தை விரித்து, இரண்டு பக்கமும் கம்பி நட்டு ஜிகினாத் துணி சுற்றினார். இரண்டு முனையிலும் வாழை மரம் கட்டியாயிற்று. திட்டுப் பக்க முனையில் கோலம் போட்டது நான். மறைக்க முடியாது, போட்டோவில் இருக்கிறது.

அதிகாரி ஷூவோடு நடந்து வந்தார். போட்டோ எடுத்தார். நாட்டுக்கோழிக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, இவ்வளவு வசதியாகப் பாலம் வைத்திருக்கிறீர்களே என்றார். மாமனார் அதை மரியாதைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்று கும்பிட்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

ஆடியில் தண்ணீர் வந்து தென்னை மரங்களை அடித்துக்கொண்டு போன வாரத்தில்தான் கடிதமும் வந்தது. திட்டுக்குப் பாலம் ஏற்கெனவே உள்ளது, மக்கள் திருப்தியாக உள்ளனர். நான் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த எழுத்தர் போட்டோவை எடுத்துக் காட்டி, இது பாலம் இல்லையா என்று கேட்டார். பந்தல் கடைக் கம்பளம் என்றேன். ஃபைலில் கம்பளம் என்று எங்கும் இல்லை என்றார். கோபத்தில், கம்பளத்துக்கு அடியில் இருந்த மரங்களையும் ஆறு கொண்டுபோய்விட்டது என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சேதமான பாலம் என்றால் பழுதுபார்க்க எழுதிக் கொடுக்கலாமே என்று ஒரு தாளை நீட்டினார். நானும் எழுதிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். கைப்பிடிக்கு அடிக்க இரண்டு டப்பா பெயின்ட், கூடவே ஓர் அறிவிப்புப் பலகை. பாலம் எங்கே என்று கேட்டார். தண்ணீரைக் காட்டினேன். நல்ல மனிதர், வெகுநேரம் பார்த்தார். பெயின்ட் அடிக்க வழியில்லை, பலகையையாவது நட்டுவிட்டுப் போகிறேன் என்று கிழக்குக் கரையில் நட்டார். கனரக வாகனங்கள் மெதுவாகச் செல்லவும் என்று அதில் இருந்தது. எங்கள் திட்டில் மொத்தம் ஒரு சைக்கிள், அதுவும் பஞ்சர்.

பழுதுபார்த்த பாலத்தைப் பார்வையிடக் கார்த்திகையில் ஓர் அதிகாரியம்மா வந்தார். வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். இந்த முறை ஒரு குச்சியைக்கூடக் குறுக்கே போடக் கூடாது, பரிசலும் விடக் கூடாது என்று எல்லோரையும் தடுத்து வைத்தேன். வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிறோமே என்று மாமனார் கண் கலங்கிவிட்டார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பாலத்துக்கு எப்படி வருவது என்று அந்த அம்மா கிழக்குக் கரையில் நின்றபடியே கேட்டார்.

"நாங்களும் அதயேதானுங்க கேக்குறோம்" என்று இங்கிருந்து கத்தினேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கடிதம் பத்து நாளில் வந்தது. நீர்வரத்து காரணமாகப் பாலத்தை அடைய இயலவில்லை. பாலம் நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்படுகிறது. படித்துவிட்டு நான் சிரித்தேன், வீட்டுக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் மாட்டுத் தரகருக்குப் போன் போட்டார்.

தையில் மூன்றையும் விற்றோம். வாங்கியவர் கிழக்குக் கரைக்காரர். வீட்டுக்காரர் பரிசலில் முன்னே போக, மூன்றும் பின்னாலேயே நீந்திப் போயின. அன்றே சொசைட்டியில் என் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் வாசலில் மூச்சுச் சத்தம் கேட்டது. மூத்த எருமை, அறுந்த கயிற்றோடு, உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட, வழக்கமாகக் கட்டும் இடத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வாங்கியவரும் எதிர்க்கரைக்கு வந்துவிட்டார். எருமையைக் கொண்டுவந்து விடச் சொல்லிக் கூப்பிட்டார். பரிசல்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பாலத்து வழியா வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பாவம், விலை கொடுத்து வாங்கியவர். பரிசல் வந்ததும் நானே கொண்டுபோய் விடத்தான் போகிறேன். அதற்குள் மடி கனத்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உட்கார்ந்து, அதன் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே கறந்தேன். கேனை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகத் துறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான், இந்தப் பாலை ஊற்றச் சொசைட்டியில் என் பெயரே இல்லை என்பது உறைத்தது.