முதல் பெயரை யார் தட்டுவது

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்றுதான் அம்மா என்னைச் சொல்வாள். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ் பிடிப்பதற்குள் பஸ் ஸ்டாண்டை நாலு சுற்றுச் சுற்றிவிடுவேன். அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீஸின் வரவேற்பு மேஜையில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். காண்ட்ராக்ட் வேலை. வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும்.

அப்போதுதான் சென்னைத் தலைமை ஆபீஸ் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. வருகிறவர்களே பெயரையும் ஊரையும் தட்டி, வந்த காரியத்தைத் தேர்ந்தெடுத்தால் சீட்டு அச்சாகி வரும். சீட்டைக் காட்டினால் வாட்ச்மேன் உள்ளே விடுவார்.

“அப்ப நான் சார்?” என்றேன் மேனேஜரிடம்.

“இத நல்லபடியா அமைச்சுக் குடு. ஹெட் ஆபீஸ் சார் வந்து பாத்து சரின்னுட்டா, உன்னைய அக்கவுண்ட்ஸ்ல பர்மனென்ட் ஆக்கிடறேன்.”

பர்மனென்ட்! அந்த ஒரு சொல்லுக்காகப் பேயாய் உழைத்தேன். கீபோர்டு சாவிகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டினேன். லோடு, பில், வேலை, மனு என்று காரியங்களைத் திரையில் ஏற்றினேன். ஒருமுறை வந்தவர் மறுபடி பெயரைத் தட்டினால் மற்றதெல்லாம் தானாக நிரம்பும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். கடைசியில் சோதனைப் பெயர்களை எல்லாம் அழித்து, எந்திரத்தைப் புதுசாக வைத்தேன்.

“நாளைக்கு நீ அந்தப் பக்கமே வரக்கூடாது. நீ போய்ச் சொல்லிக் குடுத்தா, அப்புறம் அது என்ன தானா நடக்குற மிஷினு?” என்றார் மேனேஜர்.

மறுநாள் நான் பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். சென்னை அதிகாரி வரவேற்பு சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்தார். என்னை அவர் பார்த்ததில்லை. மேனேஜர் ஆலைக்குள் போயிருந்தார். அன்றைக்கென்று ஒரு லாரிக்காரர்கூட வரவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன்.

முதலில் வந்தது ஒரு கூட்டம். சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் கொடுத்தவர்கள். வீட்டுக்கு ஒரு வேலை என்று சொன்னதைக் கேட்டு அடிக்கடி மனுவோடு வருவார்கள். அவர்கள் வந்தால் வாட்ச்மேன் வாசலிலிருந்தே எனக்குக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார்; நான் நோட்டில் ‘ஊர்க்காரர்கள்’ என்று மட்டும் எழுதிக்கொள்வேன், என் முகம் அவர்களுக்குத் தெரியாது. எந்திரமோ ஆளுக்கொரு பெயர் கேட்டது.

“நீ போ மாமா.”

“ஏன், நீ போறது? போன மனுவுல மொதக் கையெழுத்து போட்டவன் வூட்டுக்குத்தானே போலீஸ் வந்துச்சு!”

அதன்பிறகு அவர்கள் மனுவில்கூட வட்டமாகத்தான் கையெழுத்துப் போட்டார்கள், யார் முதல் என்று தெரியக்கூடாதென்று. இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். எந்திரம் அமைத்த மும்முரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கூட்டம் நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெரியவர், “வாங்கடா, இன்னொரு நா வருவோம்” என்று திரும்பினார். போச்சு, என் பர்மனென்ட் போச்சு!

பின்வாசல் வழியாக ஓடினேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசலில் நுழைந்தேன். நேராக எந்திரத்திடம் போய் என் பெயரைத் தட்டினேன், என் ஊரைத் தட்டினேன். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்ததால் காரியத்துக்கு ‘மனு’வை அழுத்தினேன். சீட்டு வந்தது.

“நீயும் நெலம் குடுத்தவளாம்மா?” என்றாள் ஓர் அம்மா.

“ஆமாங்க” என்றேன், கூசாமல்.

போணி ஆகிவிட்டது. அடுத்து அந்த அம்மா, அப்புறம் பெரியவர், அப்புறம் எல்லாரும். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். அதிகாரி பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். கையில் வந்தவர்கள் பட்டியல் இருந்தது. “என்னம்மா இது? மனு குடுக்க வந்த கூட்டத்துக்கு நீதான் தலைவியா?”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“அப்ப டெஸ்ட்டே பொய்யா? இத வெளிய சொன்னா என் வேலையும் போயிடும். ஹெட் ஆபீஸுக்கு லிஸ்ட் போயாச்சு. நெலம் குடுத்தவங்க கூட வந்தவள எப்படிம்மா பர்மனென்ட் பண்றது?”

எந்திரம் பாஸ், நான் ஃபெயில். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்றாள் அம்மா. அந்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்களை எல்லாம் டமார் டமாரென்று வைத்தேன்.

பிறகு அனுபவச் சான்றிதழ் வாங்க ஒருநாள் அங்கே போனேன். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு, “சீட்டு எடுத்துட்டு வாங்கம்மா” என்றார். எந்திரத்தின் முன்னால் அதே கூட்டம் நின்றிருந்தது, அன்றைக்கும் யார் முதல் என்ற பேச்சோடு.

“இந்தா, இந்தப் பொண்ணு வந்துட்டாள்ல! மொதல்ல நீ போ தாயி. ஒன் பின்னாடி நாங்க வர்றோம்” என்றாள் அந்த அம்மா. வழி விட்டார்கள்.

பெயரைத் தட்டினேன். ஊர் தானாக வந்தது. வந்த காரியம் என்ற இடத்தில் ‘மனு’ என்று அதுவே நிரப்பிக்கொண்டது. மாற்றுவதற்குப் பக்கத்திலேயே பட்டன் இருந்தது. நான் வைத்த பட்டன்தான். திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்றாமல் அழுத்தினேன். சீட்டைக் கிழித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் உள்ளே போனேன்.