கடை மெயிலைத் துடைத்த நாள்

1. முதல் நாளே முட்டிக்கொண்டேன்

மாத்தளை டவுனில் அந்த போன் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியோடு எனக்கு முட்டிக்கொண்டது. யட்டவத்தயிலிருந்து வந்த ஒரு பெரியவர் புது ஸ்மார்ட்போன் வாங்கினார். புது போனை ஓன் செய்தால் முதலில் மெயில் கணக்கு கேட்கும். நான் அவருக்கு ஒரு கணக்குத் திறக்க உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார்.

“என்னா வசந்தி, பொண்ணு பாக்கவா வந்திருக்க? இவ்வளவு கேள்வி கேக்குற? கடை மெயிலைப் போட்டு அனுப்பு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

கடை மெயில் என்பது கடையின் பெயரில் திறந்த ஒரே ஒரு கணக்கு. விற்கும் போன் எல்லாவற்றிலும் அதையே போட்டுவிடுவார்கள். வேலை சட்டென்று முடியும். ஆனால் எல்லாப் போனும் ஒரே கணக்கில் ஓடினால், ஒவ்வொருவரும் நெட்டில் எதைத் தேடினாலும் அது அந்த ஒரே கணக்கில் வந்து விழும். பாஸ்வேர்ட் முதலாளி கையில்.

“இவர் தேடுறதெல்லாம் நம்ம கம்பியூட்டருக்கு வருமே முதலாளி?”

“வரட்டுமே. இவர் என்னா ரொக்கெட்டா விடப் போறாரு?”

பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தக் கணக்கு திறந்து, பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். அன்றிலிருந்து நான் கொடுத்த போனுக்குச் சொந்த மெயில், முதலாளி கொடுத்த போனுக்குக் கடை மெயில். ஒரே கடையில் இரண்டு கட்சி நடந்தது.

2. முதலாளியின் பொழுதுபோக்கு

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சம்பளத்தைச் சரியாகக் கொடுப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார். வாய்தான் அவருக்குச் சும்மா இருக்காது. மத்தியானம் வியாபாரம் மந்தமானால் கடை மெயிலைத் திறந்து ஹிஸ்ட்ரியை வாசிக்கத் தொடங்குவார்.

“இங்க பாரு, எவனோ வழுக்கைக்கு எண்ணெய் தேடுறான். வஹகோட்டைப் பக்கம் எவருக்கோ மூலமாம்.”

தேத்தண்ணி குடிக்க வரும் கூட்டாளிகளுக்கும் அதை வாசித்துக் காட்டுவார். யார் யாராக இருக்கும் என்று கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு உடம்பெல்லாம் எரியும். டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதைத்தான் சனங்கள் அந்தச் சின்னக் கண்ணாடியிடம் கேட்கிறார்கள். அது இந்த மேசையில் வடைக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியானது.

ஒருநாள் கேட்டே விட்டேன். “இது சரியில்ல முதலாளி.”

“தப்பு செய்யாதவனுக்கு என்னா பயம்?”

“அப்ப உங்க போனைக் குடுங்க. இவங்களுக்கு நான் வாசிச்சிக் காட்டுறேன்.”

அவர் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. கூட்டாளிகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

3. மேனேஜர் வந்தார்

பலாபத்வல ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏலம், கராம்பு, கறுவா எல்லாம் காட்டி விற்கும் ஸ்பைஸ் கார்டன்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் மேனேஜர் எங்கள் முதலாளிக்கு வேண்டியவர். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போன் எங்கள் கடையில்தான் எடுப்பார்கள். ஒருநாள் காலை அவர் முகம் சிவந்து கடைக்குள் வந்தார்.

மேனேஜர் பெண் பிள்ளைகள் மேல் கை வைக்கிறார் என்று யாரோ தொழில் திணைக்களத்துக்குப் பெயர் போடாமல் முறைப்பாடு அனுப்பியிருக்கிறார்கள். விசாரணைக்கு ஆள் வரப்போகிறது.

“எங்க கார்டன் கடையில நிக்கிற மூணு புள்ளைங்கள்ல ஒருத்திதான். யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். அப்புறம் விசாரணையில பேச ஆளே இருக்காது” என்றார் மேனேஜர்.

“மூணு போனும் நான் குடுத்ததுதானே, இருங்க” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “வசந்தி, கடை மெயிலைத் திற. இந்த மாதிரி எதையாவது எந்தப் போன்ல தேடியிருக்காங்கன்னு பாரு.”

உட்கார்ந்தேன், திறந்தேன். பஸ் நேரம், ராசிபலன், பல்வலி இவற்றுக்கு நடுவே அந்த வரி இருந்தது. ‘வேலை இடத்தில் மேனேஜர் தொட்டால் எங்கே சொல்வது.’ இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் எந்தப் போன் என்று வந்துவிடும். அந்தப் பிள்ளை அதை எழுத எத்தனை தடவை யோசித்திருக்கும்! யாரும் பார்க்கவில்லை என்று நம்பித்தானே எழுதியது?

நான் அந்த ஒரு தட்டுத் தட்டவில்லை. ஹிஸ்ட்ரி முழுவதையும் அழி என்று கொடுத்தேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாப் போனையும் கடை மெயிலிலிருந்து கழற்றிவிட்டேன்.

“கெடச்சிச்சா?” என்றார் முதலாளி.

“இல்லீங்க. இப்ப ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் தொடைச்சிட்டேன்.”

முதலாளி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். மேனேஜர் மேசையில் அடித்தார். “யாரைக் காப்பாத்துற நீ?”

“யாருன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாக்கல. நீங்க தலைகீழா நின்னாலும் தெரியாததை என்கிட்ட இருந்து புடுங்க ஏலாது.”

“உன்னைப் பொலிஸுக்குக் கொண்டு போவேன்!”

“வாங்க, சேந்தே போவோம். எதுக்காக இந்தக் கடைக்கு வந்தீங்கன்னு அங்க சொல்லுங்க.”

அவர் போகவில்லை. போவார் என்று நானும் நினைக்கவில்லை.

4. கூட்டம்

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் கூட்டம். எல்லார் போனும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கு ஹிஸ்ட்ரி வாசிக்க மட்டும்தான் தெரியும். நான் ஸ்டூலில் ஏறி நின்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன்.

“இவ்வளவு நாளா நீங்க நெட்டில தேடினதெல்லாம் இந்தக் கடைக் கம்பியூட்டருக்கு வந்துச்சு. இனி வராது. வரிசையா வாங்க, அவங்கவங்களுக்குச் சொந்தக் கணக்கு திறந்து தாரேன். பாஸ்வேர்டை நீங்களே அடிங்க. எனக்குச் சொல்லாதீங்க.”

முன்னால் நின்ற ஒருவர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு முதலாளிக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

பகல் சாப்பாட்டு நேரம் ஸ்பைஸ் கார்டன் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்தது. பெயர் புவனா. பாஸ்வேர்ட் அடிக்கும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது.

“அக்கா, பழசெல்லாம் போயிருச்சா?”

“போயிருச்சு. யாருதுன்னு யாரும் பாக்கல, நானும் பாக்கல.”

அது நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். “இனி ஒன்னை நம்பி எப்படிக் கடையை விடுறது?” என்றார். “உங்களை நம்பித்தானே ஊரே போனைக் குடுத்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

5. இப்போது

இப்போது யட்டவத்தயில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தொழில் பழக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்புங்கள். ரிப்பேருக்கு வந்த போனில் ரிப்பேரை மட்டும் பாருங்கள். கஸ்டமருக்கு, தன் போனில் யாருடைய மெயில் ஓடுகிறது என்று செட்டிங்ஸில் போய்ப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தேடியது மறையும் என்று இன்கொக்னிட்டோ ஜன்னலைத் திறந்து கொடுத்தால், அது அந்தப் போனில் மட்டும்தான் மறையும், நெட் கொடுக்கும் கம்பெனிக்கு மறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரைகுறை தைரியம் ஆளைக் கவிழ்த்துவிடும். அடுத்தவர் வந்து யார் என்ன தேடினார்கள் என்று கேட்டால், கேட்பவர் யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருக்கும்படி வேலை செய்யுங்கள். மறைப்பவர்கள் எல்லாம் தப்பு செய்தவர்கள் என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

போன வருடம் புவனா என் கடைக்கு வந்தாள். மேனேஜரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

“அன்னைக்கே என் பேரு தெரிஞ்சிருந்தா நான் தனியா வீட்டுக்குப் போயிருப்பேன் அக்கா. தெரியாததால மத்த ரெண்டு பேர்கிட்டயும் பேச நேரம் கெடச்சிச்சு. அவங்களுக்கும் அதேதான் நடந்திருக்கு. மூணு பேரும் சேந்துதான் விசாரணைக்குப் போனோம்.”

“மேனேஜர் இருந்தாரா?”

“எதிர்லயே ஒக்காந்திருந்தாரு. யாரு முறைப்பாடு அனுப்பினதுன்னு ஆபீசர் கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். பேரு எழுத ஆரம்பிச்சாரு. எங்கள மாதிரி தேயிலைத் தோட்டத்து ஆளுங்க பேரை எல்லா அரசாங்கக் கடதாசியிலயும் பிழையாத்தான் எழுதியிருக்காங்க சார், இதுல சரியா எழுதுங்கன்னு சொல்லி, அப்பா பேரையும் சேத்து ஒவ்வொரு எழுத்தா நானே சொன்னேன்.”