நார் இல்லாத மூணு சென்

தபால்தலை வியாபாரத்தில் சரக்கு நகத்தளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் அலப்பறைதான் ஒரு லாரி இருக்கும். மயிலாடுதுறையில் எஸ்.டி.டி. பூத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே கடை போட்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன், சக பாவிகளே, கேளுங்கள்.

அப்போது என் உயிரை வாங்கியது ஒரு ஜப்பான் தலை. ஜப்பான்காரனின் பைசாவுக்கு சென் என்று பேர்; இது அந்தக் காலத்துச் சிவப்பு மூணு சென். முதலில் வெறும் தாளில் அச்சிட்டான். அடுத்து அதே படம், அதே நிறம். ஆனால் தாளில் சிவப்பும் நீலமுமாய்ப் பொடி நார், உள்ளே நெளிநெளியாய் வாட்டர்மார்க் என்கிற நீர்க்குறி. கறுப்புத் தட்டில் கவிழ்த்து நாலு சொட்டு பெட்ரோல் விட்டால் நெளி தெரியும். எனக்கு வேண்டியது நாரும் நெளியும் இல்லாத முதல் ரகம். சென்னைக் கண்காட்சிக்குப் போகவேண்டிய என் ஜப்பான் வரிசையில் அந்த ஒரு கட்டம்தான் காலி.

களை எடுத்தவர்

குத்தாலத்தில் உரக்கடை வைத்திருந்தவர் ஒரு மூணு சென் கொண்டுவந்தார். லென்ஸில் பார்த்தேன், நார் நாராய் இருந்தது. "இது பின்னால வந்த ரகங்க, நார் இல்லாததுதான் உசத்தி" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுவாரம் அதே தலையோடு வந்தார். நாத்தங்காலில் களை பறிக்கிற மாதிரி ஊசியால் ஒவ்வொரு நாராய்ப் பிடுங்கியிருந்தார். தலை சல்லடை. அவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "நார்தானே குறைன்னு சொன்னீங்க? எடுத்தாச்சு. இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

துபாய் பொறியாளர்

வலங்கைமான்காரர், துபாயில் பொறியாளர். லீவில் வந்தவர் செண்ட் வாசனையோடு ஒரு பெரிய தாளை நீட்டினார். மூணு சென்னின் கலர் ஜெராக்ஸ்! அசல் துபாயில் பத்திரமாக இருக்கிறதாம். "நீர்க்குறி தாளுக்குள்ள இருக்கும் சார், நகலில் எப்படி வரும்?" என்றேன். படித்த மனுஷன், புரியும் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்லணும்.

விறுவிறுவென்று வாசலுக்குப் போய்த் தாளை வெயிலில் பிடித்தார். அது உயர்ந்த ரக பாண்டு தாள், அதற்கென்று சொந்த நீர்க்குறி உண்டு. தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினார்: "வராதுன்னீங்க? இதோ பளிச்சுனு தெரியுது, கம்பெனி பேரே போட்டிருக்கான்!"

சபுராம்மாவின் பத்திரம்

இப்படிப்பட்டவர்களிடம் மாட்டி நொந்துபோயிருந்தபோதுதான் சபுராம்மா வந்தார். புருஷன் சவுதியில். மாமனாரைப் பெத்த அத்தா அந்தக் காலத்தில் கோபேயில் துணி வியாபாரம் பார்த்தவராம். அவருடைய பழைய பாஸ்போர்ட்டுக்குள் கிடந்த சிவப்பு மூணு சென்னை எடுத்து மேஜையில் வைத்தார். லென்ஸில் பார்த்தேன். நார் இல்லை! நெளியும் இல்லையென்று பார்த்துவிட்டால் கட்டம் நிறைந்தது. பெட்ரோல் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு இல்லை.

"இங்கேயே வச்சுட்டுப் போங்கம்மா" என்றேன். "வேணாண்ணே. வெள்ளிக்கிழமை அவுக போன்ல வருவாக, கேட்டுட்டுத் தர்றேன். கண்காட்சியில மாமாவோட அத்தா பேரை அடியில எழுதி வைக்கணும், அது போதும்" என்றார். எழுதுகிறேன் என்றேன். சும்மா இருந்திருக்கலாம். "ஈரம் படாம, கை படாம பத்திரமா வச்சிருங்க" என்று ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்பினேன்.

நம்ம ஊரில் பத்திரம் என்றால் என்ன? ரேஷன் கார்டு, விசா நகல், பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். சனிக்கிழமை புது பெட்ரோலோடு காத்திருந்தேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து சபுராம்மா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். கையில் அடையாள அட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. நடுவில், சூட்டில் ஒட்டி, இனி எந்த ஜென்மத்திலும் பிரிக்கமுடியாத என் மூணு சென்.

அந்த அம்மா என் கறுப்புத் தட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "அவுக சரின்னுட்டாக. லேமினேஷன் போட்டாச்சுண்ணே, இனி எவ்வளவு நேரம் வேணாலும் பெட்ரோல்ல முக்கிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது!" என்றார்.

ஜப்பான்காரன் தாளுக்குள் ஒளித்ததைக்கூட நாலு சொட்டில் கண்டுபிடித்துவிடலாம், நம்ம ஆட்கள் பத்திரப்படுத்தியதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் பெட்ரோல் வரவில்லை.