இறக்கினால் மட்டும் போதும்

பிராங்கிளினுக்கு நாற்பத்து மூன்று வயதில் உடம்பை ஏற்ற வேண்டும் என்ற ஆசை வந்தது. நாகல் நகரில் ஜெராக்ஸ் கடை நடத்துபவர். பேப்பர் கட்டைவிடக் கனமான எதையும் இருபது வருடமாகத் தொட்டதில்லை. பல நாள் யோசித்து அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: எடையைத் தூக்கவே கூடாது, கீழே இறக்கினால் மட்டும் போதும்.

“நம்ம மலைக்கோட்டைக்கு ஏறுறோம், மூச்சு வாங்குது, அம்புட்டுதான்,” என்று ஜிம் நடத்தும் வாஜித்திடம் விளக்கினார். “எறங்கின மறுநாள்தான் தொடை பிடிச்சுக்கிட்டு நடக்க முடியல. அப்ப சதைக்கு வேலை எப்ப நடந்துச்சு? எறங்கையில!”

அதில் பாதி சரி என்பதுதான் வாஜித்துக்குச் சங்கடமாக இருந்தது.

“சரிண்ணே. எறக்கணும்னா மொதல்ல அது மேல இருக்கணும்ல. யாரு தூக்குறது?”

“சத்யா இருக்காளே.”

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் மனைவி சத்யபிரியா, இருபத்தைந்து கிலோ அரிசி சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி அவர் கையில் வைப்பாள். அவர் கண்ணை மூடி, பத்து வரை எண்ணி, மெதுவாகக் கீழே இறக்குவார். மறுபடி அவள் தூக்குவாள். இப்படி முப்பது தடவை. முதல் வாரம் அவரைத் திட்டக்கூட அவளுக்கு மூச்சு மிஞ்சவில்லை. இரண்டாம் மாதம் திட்டிக்கொண்டே தூக்கினாள். மூன்றாம் மாதம் சிப்பத்தைத் தோளில் வைத்தபடியே அடுப்படிக்குப் போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

கடைக்கு வருபவர்கள் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே, “இன்னைக்கு எத்தனண்ணே எறக்குனீங்க?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பொறுக்க முடியாமல் நான்காம் மாதக் கடைசியில் பிராங்கிளின் ஜிம்முக்கே போனார். செய்து காட்டச் சிப்பம் வேண்டுமே. சத்யபிரியா அதைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள்.

வாஜித் அவர் கையை டேப்பால் அளந்தான். கால் இஞ்ச் கூடியிருந்தது.

“இது டேப்பு நெகிழ்ந்தாலே வரும்ணே,” என்றவன், சிப்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்த சத்யபிரியாவைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான். “அக்கா, உங்க கை...?”

“அத ஏன் கேக்குற தம்பி. தையக்கார கருப்பம்மா ரெண்டு தடவை ஜாக்கெட் கையப் பிரிச்சு விட்டுட்டாங்க. ரெண்டு இஞ்சு.”

ஜிம்மே சிரித்தது. பிராங்கிளின் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா? நான் எறக்குனா பக்கத்துல நிக்கிறவளுக்கே வளருது!”

பெண்களுக்கான காலை வகுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வாஜித், மறுநாளே சத்யபிரியாவைச் சேர்த்துக்கொண்டான். ஆறு மணிக்கு அவள் ஜிம்முக்குப் போய்விட, தூக்க ஆளில்லை. பிராங்கிளின் லாரிப் பட்டறையிலிருந்து ஒரு செயின் கப்பியை வாங்கி வந்து உத்திரத்தில் மாட்டினார். சங்கிலியை இழுத்து இழுத்துச் சிப்பத்தை மேலே ஏற்றினார். பிறகு அதைக் கையில் வாங்கி முறைப்படி இறக்கினார். இரண்டே மாதத்தில் அவர் கை ஒரு இஞ்ச் கூடியது.

“இப்ப நீங்களே தூக்குறீங்கல்ல?” என்றாள் சத்யபிரியா.

“நல்லாப் பாரு. சங்கிலிய நான் கீழதான இழுக்குறேன்? அதுவும் எறக்குறதுதான்.”

தினமும் ஐந்து தடவை கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.