சாவித் துவாரப் படங்கள்

கப்பல் சாமான் வியாபாரத்தில் சரக்கை வாங்குவது சுலபம். விற்ற பிறகு அதற்குப் பதில் சொல்வதுதான் பேஜாரு. கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாங்கிப் போனவன் திரும்பி வரும்போது, சண்டைக்கு வருகிறானா இன்னொன்று வாங்க வருகிறானா என்று அவன் நடையிலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

என் கடை ராயபுரத்தில். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் கழித்துப் போடுகிற மெத்தை, பீங்கான் தட்டு, கயிறு, அண்டா எல்லாவற்றையும் எடுத்து விற்கிறேன். மூட்டை தூக்கி ஆரம்பித்த ஆள் நான். பள்ளிக்கூடம் என்னை எட்டாவதில் கழித்துப் போட்டது. ஒரு முறை கப்பல்காரர்களின் பொழுதுபோக்கு அறையைக் காலி செய்தபோது மூன்று பெட்டி சினிமா டிஸ்க் வந்தது. கொஞ்சம் சாமி படம். மற்றதெல்லாம் இத்தாலிக்காரனும் ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் அந்தக் காலத்தில் எடுத்த கிளுகிளு காமெடி. அட்டையில் இருந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. அதனால் அட்டைப் படத்தைப் பார்த்து நானே தமிழில் பேர் வைத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒருவன் ஒளிந்திருந்தால் ‘கட்டிலுக்குக் கீழே மாப்பிள்ளை’. வெள்ளைத் தொப்பி நர்ஸ் இருந்தால் ‘ஊசி போடும் உல்லாசி’. படத்தை எவன் பார்த்தான்? பேர்தான் விற்றது.

கெடு

கட்டடம் ஃபிலோமினா டீச்சருடையது. கீழே என் கடை, மேலே அவர் வீடு. ரிட்டயர் ஆகிவிட்டாலும் டீச்சர் டீச்சர்தான். ஒருநாள் காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர் ‘உல்லாசி’யைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காமெடி படம் டீச்சர்” என்றேன். “இதுல யாரு தாஸு துணி போட்டிருக்கா?” என்றார். பின்னால் நிற்கும் டாக்டர் போட்டிருக்கிறார் என்று காட்டினேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாடகை ஒரு மாதம் தவறியதில்லை. ஆனால் வாயை அடக்கிக்கொண்டேன். துறைமுக வாசலில் இருந்து லாரி நேராக வந்து நிற்கிற மாதிரி இன்னொரு கடை இந்தப் பக்கம் கிடைக்காது. இந்த இடம் போனால் நான் மறுபடியும் மூட்டைதான். அதைத் தெரிந்துகொண்டேதான் டீச்சர் சொன்னார்: “ஈஸ்டருக்குள்ள இந்தப் பெட்டி போகணும். இல்லன்னா நீ போகணும்.”

பிட்டு எங்கே?

கெடு வைத்த பிறகு வேகமாகத் தள்ளிவிடப் பார்த்தேன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் லோடு இறக்கும் ஒருவர் ‘மலைமேல் மயக்கம்’ வாங்கிப் போனார். மறுநாள் காலையிலேயே நடை தெரிந்தது. சண்டை நடை. “பிட்ட எங்கய்யா புடுங்கி வச்சிகினு கீற? தனியா விக்கிறியா?” என்று சட்டையைப் பிடித்தார். பிட்டு என்றால் நடுவில் ஒட்டுகிற துணியில்லாத காட்சி. நானும் பிடித்தேன். தெருவே கூடிவிட்டது. யோக்கியன் என்று நிரூபிக்க எனக்கு வேறு வழியில்லை, கடை டி.வி.யில் எல்லார் முன்னாலும் படத்தைப் போட்டேன்.

ஒரு மேயர், ஒரு பீப்பாய், ஒரு பசு மாடு. மேயர் பீப்பாய்க்குள் ஒளிகிறார். பீப்பாய் மலையில் இருந்து உருள்கிறது. மாடு பார்த்துக்கொண்டே நிற்கிறது. ஜன்னலில் ஒரு அம்மாள் துண்டோடு வந்து ஒரு நொடியில் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கிளுகிளு. பீப்பாய் கிணற்றில் விழுந்தபோது கூட்டம் கைதட்டிச் சிரித்தது. என் சட்டையைப் பிடித்திருந்த கையும் குலுங்கியது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மறுபடி இறுகிவிட்டது: “சிரிச்சிட்டேன், வுடு மாமு. ஆனா நான் சிரிக்கவா துட்டு குட்த்தேன்?”

எண்ணூர்க்காரர்

சண்டைக்குப் பிறகு விற்பதற்கு முன்னால் நானும் சிலதைப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நல்லது இருக்கிறது. வெயில் இருக்கிறது, தீப்பெட்டி மாதிரி கார் இருக்கிறது, ஒரே அலமாரிக்குள் நாலு ஆண்பிள்ளைகள் மூச்சடக்கி நிற்கிற அழகு இருக்கிறது. அந்த அலமாரிக் கதவு திறக்கிற நொடியைச் சரியாகப் பிடிப்பதற்கு மூளை வேண்டும். கெட்டதும் இருக்கிறது. வாய் மூடின பிறகு வசனம் வருகிறது. புருஷன் கார் ஹாரன் அடித்தால்தான் கதையே நகர்கிறது. பத்துப் படம் பார்த்தால் பத்திலும் அதே ஹாரன்.

எண்ணூரில் இருந்து ஒரு பெரியவர் வாராவாரம் வருவார். மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஒன்று வாங்குவார், பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார், வேறொன்று எடுப்பார். “இந்த வயசுல இன்னா நைனா இது?” என்று ஒருநாள் கிண்டல் பண்ணிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தச் சொன்னார். ஒருத்தி ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டுத் திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். “அடி தெரியுது பார்த்தியா? கூழாங்கல் தெரியுது. எங்க ஆத்துல கால வச்சா சாம்பல்தான் ஒட்டிக்கினு வருது. எல்லாரும் அவளப் பார்ப்பானுங்க தாஸு, நான் அந்தத் தண்ணியப் பார்க்கிறேன்.”

இட்லிக் கடை மேரி

மேரியக்கா சர்ச் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிறார். கப்பல் தட்டு வாங்க வந்தவரிடம் பேரம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு ரூபாய் இறங்கினால் அக்கா இரண்டு ரூபாய் இறங்கச் சொல்கிற ரகம். பின்னால் டி.வி.யில் ஒருவன் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து எட்டிப் பார்க்கிறான். உள்ளே துணி மாற்றுகிற பெண் அதைத் தெரிந்துகொண்டு சிரிக்கிறாள். அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

“அவ இன்னாத்துக்கு சிரிக்கிறா?”

“காமெடிக்கா.”

“எவனுக்கு காமெடி?”

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த படங்களில் பாதியில் அந்தச் சாவித் துவாரம் இருந்தது. அத்தனையிலும் அவள் சிரித்தாள். தட்டுகளை அக்கா கேட்ட விலைக்கே கட்டிக் கொடுத்தேன். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: “எங்க சந்துலயும் ஒரு பேமானி இப்டித்தான் எட்டிப் பார்த்தான். ஓட்டையில மொளகாத் தூள ஊதினேன். அவனும் சிரிக்கல, நானும் சிரிக்கல.”

அன்பியத்துக்குப் போன டிஸ்க்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடியப் போகிற நேரம். டீச்சர் கீழே இறங்கி வந்தார். கிளுகிளுப் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, சாமி பட வரிசைக்குப் போனார். அவர் வீட்டில் அன்று சாயங்காலம் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபம் பண்ணுவார்கள். “ஜெபம் முடிஞ்சதும் நல்லதா ஒண்ணு போட்டுக் காட்டலாம்” என்று ‘தேவதைகளின் தோட்டம்’ என்ற டிஸ்க்கை எடுத்தார். வெள்ளைச் சுவர் மடம், மணிக்கூண்டு, பழக்கூடையோடு தலைகுனிந்த ஒரு கன்னியாஸ்திரி. அந்தப் பேரும் நான் அட்டையைப் பார்த்து வைத்ததுதான். காசு வேண்டாம் என்றேன். டீச்சர் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கடை பிழைத்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் எண்ணூர்ப் பெரியவர் வந்து சாமி வரிசையில் துழாவினார். “அந்த மடத்துப் படத்த இங்கதானே வச்சிட்டுப் போனேன்? இன்னொரு தபா பார்க்கணும், கடைசில ஆறு வரும்” என்றார். அது சாமி படம் இல்லையா என்று கேட்டேன். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: “சாமியா? அரை மணி நேரம் போனா தோட்டக்காரன் சாவித் துவாரத்தாண்ட குந்திக்கினு கீறான் மாமு!”

மாடியில்

இரண்டு இரண்டு படியாக ஏறினேன். ஹால் நிறைய பெண்கள். முன்வரிசையில் மேரியக்கா. மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி. டி.வி.யில் கன்னியாஸ்திரிகள் வரிசையாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். “இன்னா அமைதி பாரு” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, “வா தாஸு, நீயும் உட்காரு” என்றார். என்ன சொல்லி நிறுத்துவது? சொன்னால் கடை போச்சு, சொல்லாவிட்டால் கடையோடு மானமும் போச்சு.

தோட்டக்காரன் பூவாளியோடு வந்தான். நல்லவன் மாதிரி ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினான். நடைவழியில் நடந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மேரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் ஒரு கதவுக்கு முன்னால் முட்டி போட்டபோது நான் சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். டி.வி. அணைந்தது. “கரண்ட் போச்சு” என்றேன். ஹாலே என்னைப் பார்த்தது. ஒரு பாட்டியம்மா மெதுவாகக் கையைத் தூக்கிக் காட்டினார்: “லைட் எரியுது, ஃபேன் சுத்துது. ஒனக்கு மட்டும் எப்டி நைனா போச்சு?”

தீர்ப்பு

மறுநாளே நான் கடையைக் காலி செய்ய மெத்தைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் டிஸ்க்கோடு கீழே வந்தார். “முழுசா பார்த்தேன்” என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். “அந்த குண்டு சமையல்காரன் மாவுப் பானைக்குள்ள மாட்டிக்கிறான் பாரு, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. இவ்வளவு நல்லா சிரிக்க வைக்கத் தெரிஞ்சவன் அந்தக் கதவுகிட்ட ஏன் போனான்? மடத்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவ நான். சாவித் துவாரத்துல துணிய அடைக்காம எந்தப் பொம்பளையும் குளிக்க மாட்டா. படம் எடுத்தவனுக்கு மடமும் தெரியல, பொம்பளையும் தெரியல.”

கடையைச் சுற்றிப் பார்த்தார். கட்டி வைத்த மெத்தைகளையும் பார்த்தார். “கட்டினத அவுத்துப் போடு. ஆனா பார்க்காம இனிமே ஒண்ணுத்துக்கும் பேர் வைக்காத. சாவித் துவாரம் வர்றது ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. மத்தது இருந்துட்டுப் போகட்டும்.” பாதிச் சரக்கு போகுமே என்று என் வாய் பழக்கதோஷத்தில் திறந்துவிட்டது: “டீச்சர், ஒரு பெட்டி மட்டும்...” அவர் உள்ளங்கையை நீட்டினார்: “பேரம் பேசுறதா இருந்தா மொதல்ல கடைச் சாவிய இதுல வை.”

பாதிதான் போகும் என்று நினைத்தேன்; பார்த்தால் பெரும்பாலானதில் அந்தத் துவாரம். மூன்று பெட்டியையும் உட்கார்ந்து பார்த்துக் கழித்ததில் மிஞ்சியது ஒரு மிட்டாய் டப்பா கொள்ளுமளவு சிரிப்பும், என் இடுப்பில் ஒரு சாவியும்தான்.